ஏழாவது துளை

மேசைமேல் மூன்று வார்களைப் போட்டான் ஹால்வார்.
விலை சொல்லவில்லை.
வெளியே என் பால்வண்டி உறுமிக்கொண்டு நின்றது.
பத்து மணிக்குள் ஃபாகர்னெஸ் போயாக வேண்டும்.

முதலாவது, தோல்.
நான் பால் ஏற்றும் மாடுகளில் ஏதோ ஒன்றின்
அத்தையாக இருந்திருக்கலாம்.
எடுத்தால் பழகிய நாய்போல் கைக்குள் சுருள்கிறது.
ஆனால் போன ஆகஸ்டில்
ஈரப்புல்லில் படுத்திருந்தபோது மழை பிடித்தது.
பத்துத் தோட்டாவுக்குள்
பழைய தோல்வார் ஒரு விரற்கடை நீண்டுவிட்டது.
பத்து, பத்து, ஒன்பது, ஒன்பது, எட்டு.
படியிறங்கிப் போயின மதிப்பெண்கள்.
நான் காற்றைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

இரண்டாவது, நைலான்.
ஆடு கட்டலாம்.

மூன்றாவது, ரப்பர் பூசிய கறுப்புப் பட்டை.
வாசமே இல்லை.
ஈரம் ஏறாது, இழுத்தாலும் இம்மி நீளாது.
"நீ சொல்வதை அப்படியே துப்பாக்கியிடம் சொல்லும்" என்றான்.
பிறகு, பெட்டியை மூடிக்கொண்டே,
"சொல்லாததையும்."

வாங்கவில்லை. இரண்டு வாரம் பார்த்துவிட்டுத் தா என்றான்.

இரவு, கார்க் கொட்டகைத் தரையில்,
வெற்றுத் துப்பாக்கியோடு படுத்தேன்.
எதிர்ச் சுவரில் பேனாவால் வைத்த புள்ளி.
மேற்கையில் வார், ஐந்தாவது துளையில்.
எலும்பு தாங்க வேண்டும், தசை தூங்க வேண்டும்;
வார் எதற்கு என்றால் அதற்குத்தான்.

முன்வளையத்துக்குள் புள்ளி துள்ளியது.
துள்ளியது.
துள்ளியது.
என் இரத்தம்தான்.
கை நாளத்தில் முட்டி, வாரில் தொற்றி,
கட்டை வழியே இரும்புக்கு ஏறி
முந்நூறு மீட்டருக்கு அப்பால் எழுதப் பார்க்கிறது.

அப்புறம் ஒன்று வரவில்லை.

வளையம் நின்றது.
இருபது வருடத்தில் அத்தனை தெளிவான புள்ளியை
நான் பார்த்ததில்லை.
பிறகு ஒரே குதி, விட்டதற்கும் சேர்த்து.

குளிரக் குளிர எண்ணினேன்.
பதினொன்றுக்கு ஒன்று. சிலசமயம் பதினான்குக்கு.

லில்லஹாமரில் மருத்துவர் ரன்வெய்க்
மார்பில் கம்பிகள் ஒட்டினார்.
"எப்படித் தெரிந்தது?"
"வாரில்" என்றேன்.
முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டு எழுதினார்:
இது துடிப்பைத் தணிக்கும், கை நடுக்கமும் அடங்கும்.
"அதனால்தான் போட்டியில் இதற்குத் தடை."
பேனா நின்றது.
ஆபத்தான வகை இல்லை, என்றார்;
விழுங்குவதும் விடுவதும் உங்கள் இஷ்டம்.

சீட்டு நான்காய் மடிந்து
வண்டியின் வெயில்மறைப்புக்குப் பின்னால் போயிற்று.

ஓட்னி சொன்னாள்: தோலுக்கே திரும்பிவிடு.
அது கொஞ்சம் விழுங்கிக்கொள்ளும்.
தன் நெஞ்சுக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டு
யாராவது சுடுவார்களா?

நியாயம்தான்.
ஒரு முழு நாள், மூன்று பண்ணைகள், நியாயமாகவே இருந்தது.
ஆனால் விடுபட்ட துடிப்பு தோலிலும் விடுபட்டே இருக்கும்.
எனக்குத்தான் தெரியாது.

ஹால்வாருக்குப் பணம் கொடுத்தேன்.
கைப்பட்டையை அகலமானதாய் மாற்றச் சொன்னேன்.
நாளத்தை விட்டு விலக்கி,
தோள் பக்கம், கையின் வெளிப்புறம் ஏற்றினேன்.
ஐந்து ஆறாயிற்று. ஆறு ஏழாயிற்று.
புள்ளி துள்ளுவது குறைந்தது. நிற்கவில்லை.

போட்டியன்று மழை இல்லை.
இருபத்து நான்கு தோட்டா போயாயிற்று.
கடைசிக்கு ஒரு திட்டம் வைத்திருந்தேன்:
அந்த வராத துடிப்புக்குக் காத்திருப்பது,
அதன் வெற்றிடத்தில் விரலை அழுத்துவது.

காத்திருந்தேன்.
எட்டு, ஒன்பது, பத்து, பதினொன்று.
பன்னிரண்டு.
எல்லாத் துடிப்புகளும் வந்தன.
கணக்குப் பிள்ளைபோல், ஒன்று விடாமல்.
பதினெட்டு, பத்தொன்பது.
கண்ணில் நீர் கட்டியது, மூச்சு முடிந்தது,
சாதாரண இரண்டு துடிப்புகளுக்கு நடுவே
சாதாரணமாய்ச் சுட்டேன்.

ஒன்பது.

ஓட்னி புருவத்தால் கேட்டாள். நான் வாரைக் கழற்றினேன்.
கையில் சிவந்த தடம், நாளுக்கு நாள் பழகிய அகலத்தில்.
அடுத்தது செப்டம்பரில்.
கொக்கி ஏழிலேயே இருக்கட்டும்.